ஒன்றாம் நம்பர் ரேக்

கிடங்கில் என்னை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்காக இல்லை. நாற்பத்தொன்றாம் வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவன் என்பதால், பெட்டி தூக்குகிறவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரித்தவர்கள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறேன். இடுப்பு இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே இடுப்பு சொல்லிவிட்டது.

அந்த வியாழக்கிழமை சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க ஸ்கேனர் பிடிங்க. படிக்கத் தெரிஞ்ச பெரிய ஆளு ஒருத்தர் வேணும்."

ஸ்கேனர் என்பது கைக்கு அடக்கமான கருவி. பெட்டியில் ஒட்டிய சீட்டுக்கு நேரே பிடித்தால் கீச்சென்று கத்தும். எந்த ரேக்கில் வைக்க வேண்டும் என்று கிடங்கின் வைஃபை வழியாக அதன் திரையில் எழுத்து வரும். தூக்க வேண்டாம், நின்றபடி படித்துச் சொன்னால் போதும். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உங்க முதுகுக்கு இப்பவாவது விடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருப்பாள்.

மறுநாள் மத்தியானமே அதை நானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒரு ரௌட்டர் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவாள். ஒரு மாதமாகப் பேச்சின் நடுவில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள். "எவ்வளவு நேரம்தான் அவ பல்லையே பாக்கறது, நான் என்ன பல் டாக்டரா?" என்பாள் வீட்டுக்காரி. மாடி வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பாஸ்வேர்டை எப்படியோ தெரிந்துகொண்டு படம் பார்க்கிறார்கள் என்று மச்சான்தான் கண்டுபிடித்தான்.

"மாமா, போன்ல நெட் பாக்கற எடத்துல இந்த நம்பரப் போடுங்க. ரௌட்டரோட பக்கம் வரும். பேருக்கும் அட்மின், பாஸ்வேர்டுக்கும் அட்மின். உள்ள போயி வைஃபை பாஸ்வேர்ட மாத்திடுங்க, சனியன் விட்டுது" என்றான். பக்கத்தை ஒருமுறை திறந்தும் காட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் ஓடிவிட்டான். நான் நோட்டில் எழுதிவைத்தேன்: 192.168.1.1. நடுவில் வரும் புள்ளிகளைக்கூட அழுத்தி வைத்தேன்.

அதை வீட்டு ரௌட்டரின் போன் நம்பர் என்று நினைத்தேன். எங்கிருந்து போட்டாலும் அங்கேதானே போகும்?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெட்டி அடுக்கும் மரத் தட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டேன். என் போன் கிடங்கின் வைஃபையில் இருந்தது. அதன் பாஸ்வேர்டு ஆபீஸ் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கும். நீலப் பக்கம் திறந்தது. மச்சான் காட்டிய அதே பக்கம். அட்மின், அட்மின். கதவு திறந்தது. மாலை வகுப்பில் டீச்சர் ஓயாமல் சொல்வார்: "மேல் வரியிலேர்ந்து படிங்க. கையெழுத்துப் போடற எடத்துக்கு நேரா ஓடாதீங்க." நான் நேராக ஓடினேன். மேலே என்ன பெயர் இருக்கிறதென்று பார்க்கவே இல்லை. பாஸ்வேர்டுக் கட்டத்தில், என் வாழ்க்கையில் முதல்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதியை எட்டு எண்ணாகப் போட்டு அழுத்தினேன். யாருடைய உதவியும் இல்லாமல். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஐந்து நிமிஷம் இருக்கும். "என்னடா இது, ஸ்கேனர் ஊமையாயிடுச்சு!" என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. ஏழு ஸ்கேனரும் செத்துவிட்டன. வாசலில் இரண்டு லாரி, மூன்றாவது ஹாரன் அடிக்கிறது. சூப்பர்வைசர் டெக்னீஷியனுக்குப் போன் போட்டுக்கொண்டு இங்குமங்கும் நடந்தார். ஆள் நாளைக்குத்தான் வர முடியுமாம்.

என் போனும் பாஸ்வேர்டு கேட்டது. சுவரில் இருந்ததைப் போட்டேன், தப்பு என்றது. என் தேதியைப் போட்டேன். உள்ளே விட்டது. நீலப் பக்கத்தை மறுபடி திறந்து, இந்தத் தடவை மேலே இருந்த பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எங்கள் கிடங்கின் பெயர்.

பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். என்னோடு பத்து வருஷமாகப் பெட்டி தூக்கும் உயரமான ஆள், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். "வாய மூடிட்டு ஒக்காருங்க வாத்தியாரே. டெக்னீஷியன் வந்து பாத்துக்குவான். நீங்கதான்னு யாருக்குத் தெரியும்? திங்கக்கிழமைய நெனச்சுப் பாருங்க."

திங்கட்கிழமையைத்தான் நினைத்தேன். மூன்று லாரிப் பெட்டியையும் இடம் தெரியாமல் இறக்கி, மறுநாள் திரும்பவும் தூக்கப்போகிற முதுகுகளையும் நினைத்தேன். எழுந்து ஆபீஸுக்குப் போனேன்.

"சார், அது நான் செஞ்சது. எங்க வீட்டு ரௌட்டர்னு நெனச்சு இத மாத்திட்டேன்."

"என்னய்யா சொல்ற? நீயா?" நேற்று வரை நீங்கள் என்றவர். "ஒன்னப் போயி நான் ஸ்கேனருக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் டெக்னீஷியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டுங்க சார். அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் குடுங்க, திருப்பி வெச்சிடறேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, எண்ணைப் போட்டேன். மேல் வரியிலிருந்து படித்தேன். பெயர் சரி. கட்டம் சரி. சுவரில் இருந்த பழைய பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போட்டேன். அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு கீச். இன்னொரு கீச். ஏழு கீச்சையும் எண்ணினேன்.

"அது எப்படிய்யா ஒன் வீட்டு நம்பரும் இங்க நம்பரும் ஒண்ணா இருக்கும்?" என்றார் சூப்பர்வைசர்.

அது எனக்கு ஆபீஸுக்கு நடந்து வரும்போதே விளங்கியிருந்தது. "சார், நம்ம கிடங்குல ஒண்ணாம் நம்பர் ரேக் இருக்கு. எதிர்க் கிடங்குலயும் ஒண்ணாம் நம்பர் ரேக் இருக்கு. சண்டை வருதா? அந்த நம்பர் காம்பவுண்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். லாரிக்காரன்கிட்ட ஒண்ணாம் ரேக்குக்கு வான்னா வருவானா? அவனுக்குத் தெரு விலாசம் வேணும். இந்த நம்பரும் ரேக் நம்பர்தான். நான் எந்தக் காம்பவுண்டுக்குள்ள நிக்கறேனோ அந்த ரேக்தான் வரும். இங்க நின்னுட்டு வீட்டு ரேக்கைத் தேடினது என் புத்தி."

போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். "சார், யாரு அது? நாங்க பாடம் எடுத்தாக்கூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டோம். அட்மின் அட்மின்னு அப்படியே விட்டது என் தப்பு. அத இப்பவே மாத்தச் சொல்லுங்க. புதுசு வெவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

சூப்பர்வைசர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பேனாவையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே மாத்துங்க. எழுதி, கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்ட குடுத்துடுங்க. மறந்தா உங்களத்தான் கேப்பேன்."

நீங்களே என்றார். அந்த இரண்டு எழுத்து கூடினதைக் காது உடனே பிடித்துக்கொண்டது.

வெளியே ஒட்டடைக்குச்சி காத்திருந்தான். "என்ன ஆச்சு வாத்தியாரே?" என்றான். அந்தப் பெயரில் எப்போதும் இருக்கும் சிரிப்பு அப்போது இல்லை.

சாயங்காலம் வீட்டில் அதே எண்ணைப் போட்டேன். அதே நீலப் பக்கம், ஆனால் மேல் வரியில் எங்கள் வீட்டுப் பெயர். இரண்டு முறை படித்துவிட்டு மாற்றினேன். மகள் அன்றைக்கு வாய் மூடி, வாய் திறந்து, சிரித்து, அரை மணி நேரம் ஓயாமல் பேசினாள். நடுவில் மாடிப் படியிலிருந்து ஒரு குரல்: "அக்கா, உங்க வீட்ல நெட் வருதா?"

"எங்க வீட்ல நல்லா வருதே! எங்க வீட்டுக்காரரே ரிப்பேர் பண்ணிட்டாரு!" என்றாள் வீட்டுக்காரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் ஸ்கேனரின் கயிற்றை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். முதல் லாரி பின்வாங்கி வந்து நின்றது. ஒட்டடைக்குச்சி முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்தான். கீச்சென்றது. திரையை மேல் வரியிலிருந்து படித்தேன்.

"ஒண்ணாம் நம்பர் ரேக்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது.