பட்டியலில் இல்லாத டிஸ்க்

நகராட்சிக்குக் குடிநீர்க் குழாய் வரைபடம் போடுகிறவள் அவள். அவளுடைய பழைய லேப்டாப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சனிக்கிழமை காலை, விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், லினக்ஸையும் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள். எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்ட இடத்தில் பட்டியல் காலியாக இருந்தது.

லேப்டாப் வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"டிஸ்க் போயிடுச்சும்மா, மாத்தணும்" என்றார், பார்க்காமலே.

கொஞ்ச நேரம் முன்புகூட விண்டோஸ் ஓடியதே! இணையத்தில் படித்துவிட்டு, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், டிஸ்க்கை இணைக்கும் முறை 'ரெய்டு' என்றிருந்ததை 'ஏஎச்சிஐ' ஆக்கினாள். லினக்ஸின் பட்டியலில் டிஸ்க் தெரிந்தது. ஆனால் விண்டோஸைத் திறந்தால் பிழை காட்டும் நீலத் திரை. மூன்று வருட வரைபடங்கள் உள்ளே.

உதவிக்குத் தெரிந்த ஒரே ஆள், ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார். ஆறு மாதமாகப் பேச்சில்லை. "உனக்கு மெஷின் தெரியும், மனுஷங்களைத் தெரியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னது இவள்தான். வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள்.

அரை மணியில் வந்த நாத்தனார் நேராக மேசைக்குப் போனாள்.

"எதையும் அழிக்கலைல்ல அண்ணி?"

"இல்ல. அந்த ஒண்ணைத்தான் மாத்துனேன்."

"அப்ப பயப்படாதீங்க. அந்த ரெய்டு வழியாத்தான் விண்டோஸ் டிஸ்க்கைப் பாக்குது. லினக்ஸுக்கு அந்த வழி தெரியல. நீங்க சொல்லாம கொள்ளாம மாத்தவும் விண்டோஸ் முழிக்குது."

நாத்தனார் பழையபடி ரெய்டுக்கே மாற்றினாள். விண்டோஸ் திறந்தது. அடுத்த முறை, அவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் திறக்கும்படி அதற்குச் சொல்லிவைத்து, பிறகு ஏஎச்சிஐக்கு மாற்றினாள். இந்தத் தடவை விண்டோஸ் புது வழியை அடையாளம் கண்டுகொண்டது; நீலத் திரை வரவில்லை. சேஃப் மோடை எடுத்துவிட்டு மறுபடி திறந்தபோதும் வரவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் இவள்.

"கூடாதுதான். ரெண்டு நாள் அழுதேன்." நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல வரைபடத்தையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுங்க. அப்புறம்தான் டிஸ்க்ல கை வைப்பேன்."

காப்பி எடுத்து முடிவதற்குள் இருவரும் சாப்பிட்டார்கள். லினக்ஸ் ஏறி முடிய மணி நான்கு ஆனது. சோதித்துப் பார்க்க ஒரு வரைபடத்தைத் திறந்தார்கள். நாத்தனார் தன் தெருவைத் தேடிப் பெரிதாக்கினாள்.

"அண்ணி, எங்க வீட்டுக்கு இடது பக்கமாவா குழாய் போகுது?"

"ஆமா. ஏன்?"

"வீட்டு ஓனர் அங்கதான் தூண் போட குழி தோண்டிட்டு இருக்கார்!"

"குழாய் உடைஞ்சிடும், உடனே அவருக்குப் போன் பண்ணுடி!"