மஞ்சள் சீட்டு ஒட்டிய இடம்

ஆரோக்கியமேரி அக்காவின் பி.எஃப். பணம் எங்கே என்று கேட்டேன். நாராயணஸ்வாமி சார் சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நான் தின்ன வரல. அந்த அக்கா ரிட்டயர் ஆகி ரெண்டரை மாசம் ஆவுது. அவ இருபத்திமூணு லட்சம் எங்க?"

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் மாத்திரை செய்கிற கம்பெனி எங்களுடையது. எங்கள் பி.எஃப். பணம் அரசாங்கத்திடம் போவதில்லை; கம்பெனியே ஒரு டிரஸ்ட் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. நிர்வாகத்தின் பக்கம் மூன்று டிரஸ்டி, தொழிலாளர் பக்கம் மூன்று. அந்த மூன்றில் நான் ஒருத்தி. "வசந்திக்கு வாய் நீளம், அவ போனாத்தான் சரிப்படும்" என்று ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். நீள வாயை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கிழித்தேன்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு ஒரு ஃபைல் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டைப் பார்ப்பேன், போடுவேன். கூட்டம் என்பது அன்று சாயங்காலம் வரும் சமோசா, அவ்வளவுதான்.

அக்கா பேக்கிங்கில் முப்பத்தொரு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். மல்லாபூரில், குடியிருக்கும் இரண்டு ரூம் வீட்டையே விலைக்கு வாங்க அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை பத்திரம் பதியாவிட்டால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு. அன்று திங்கள். "எதுக்கு வசந்தி இவ்வளவு லேட்டு? என் காசைத்தானே கேக்குறேன்!" என்று காலையில்தான் என்னிடம் அழுதிருந்தாள்.

"இப்ப கையில காசு புரளலை, அவ்ளோதான்" என்றார் நாராயணஸ்வாமி. கம்பெனியின் கணக்குத் துறைக்குத் தலைவர்; டிரஸ்டின் செயலாளரும் அவரே. "ஆறு கோடி ஒரு டெபாசிட்ல இருக்கு. மூணு வருஷத்துக்கு எடுக்க முடியாது."

"எந்த பேங்க்ல?"

"பேங்க் இல்லேம்மா. ஒரு ஹவுசிங் கம்பெனி."

பெயரைச் சொன்னார். முதலாளியின் சகலை நடத்துவது. உப்பல் பக்கம் அவர்கள் கட்ட ஆரம்பித்த அபார்ட்மென்ட் வெறும் தூண்களோடு நிற்கிறது.

"அடப்பாவிகளா! ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளிக் குடுத்திருக்கீங்களே! டிரஸ்ட் பணத்தை எங்கெங்க போடலாம்னு சட்டம் இருக்கா இல்லையா? யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான்." கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்தார். "படிங்கோ."

போன ஆகஸ்ட் பதினான்கு, மாலை நான்கு மணி. ஆறு டிரஸ்டிகளும் வந்திருந்தனர். ஆறு கோடி டெபாசிட் நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது. கீழே என் கையெழுத்து.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ரஞ்சன் என்கிற மெஷின் ஆபரேட்டர், மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து எழுத வேண்டிய சூட்டைப் பன்னிரண்டுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்ய வைத்தவள் நான். "நடக்காததை நடந்ததா எழுதுதவன் திருடன்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். வெட்கங்கெட்ட வாய்!

"நீங்களும் டிரஸ்டி. விஷயம் வெளியில போச்சுன்னா உங்க சொத்துலயும் கை வைப்பா" என்றார். "பேசாம இன்னிக்கு இதுலயும் ஒண்ணு போட்டுடுங்கோ, அந்த டெபாசிட் சரிதான்னு." ஒரு புதுத் தாளை நீட்டினார். அதிலும் மஞ்சள் சீட்டு.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பழைய கையெழுத்தின் பக்கத்தில், என் கையாலேயே பொடியாக: 14-8, காலை 10.20. மருந்துக் கம்பெனி குவாலிட்டிக்காரிக்குத் தேதியும் மணியும் எழுதாமல் கை நிற்காது. பால் நோட்டில்கூட மணி போடுகிறவள் நான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு நடந்த விவாதத்துக்குக் காலைல பத்து இருபதுக்கே நான் எப்படி ஒப்புக்கிட்டேன்? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

குனிந்து பார்த்தார். சட்டென்று புத்தகத்தை இழுத்தார். நான் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பக்கத்தைப் போனில் படம் பிடித்தேன். புதுத் தாளில் மஞ்சள் சீட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு அந்த இடத்திலேயே எழுதினேன்: 'ஆகஸ்ட் 14 கூட்டம் நடக்கவில்லை. படிக்காமல் காலையிலேயே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையதும்தான்.' கையெழுத்து, தேதி, மணி 3.35. அதையும் படம் பிடித்தேன்.

"பைத்தியமா உனக்கு? நீயும்தான் மாட்டிப்பே!" மரியாதை பறந்துவிட்டது.

"மாட்டுதேன். தப்பு பண்ணுனவதான! ஆனா தனியா மாட்ட மாட்டேன். டிரஸ்ட்ல பணம் பத்தலன்னா கம்பெனி கைக்காசைப் போட்டுக் குடுக்கணும், அதுதான் ரூல். வியாழனுக்குள்ள அக்கா காசு வரணும். மத்தவங்க காசுக்கு நாளைக்கே பி.எஃப். ஆபீஸ் போறேன்."

செவ்வாய் காலை மனுவைக் கொடுத்தேன். தவறு செய்தவர்கள் பட்டியலில் முதல் பெயராக என் பெயரையே எழுதினேன். திரும்பி வந்து ரஞ்சனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெஷின் சூட்டை எழுதினான்.

வியாழன் மாலை அக்காவின் பணம் முழுசாக அவள் கணக்குக்கு வந்தது. வெள்ளி காலை எனக்குக் கம்பெனி நோட்டீஸ் வந்தது. ஆவணத்தைப் படிக்காமல் முன்கூட்டியே கையெழுத்திட்ட ஒழுங்கீனத்துக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். சீட்டு ஒட்டினவன் ஏசி ரூமில் இருக்கிறான், நோட்டீஸ் எனக்கு! இரண்டு தடவை வரி விடாமல் படித்தேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது போன் அடித்தது. பத்திரப் பதிவு ஆபீசிலிருந்து அக்கா.

"வசந்தி, போடு போடுன்னு அவசரப்படுத்துறாங்க. எல்லாம் தெலுங்குல இருக்கு, எனக்கு எழுத்துத் தெரியாதே. போடவேண்டிய இடத்துல பென்சில்ல புள்ளி வச்சிருக்காங்க. போட்டுடட்டா?"

ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"பேனாவைக் கீழ வையிக்கா! மொத வரிலேர்ந்து வாசிச்சு, அர்த்தம் சொல்லச் சொல்லு. எத்தனை நேரமானாலும் நான் லைன்லயே இருக்கேன்."