அடுப்பை ஒட்டிய மூலை

1984 ஜனவரியில், கொரியாவின் கங்வொன் மலைச்சந்தையில், மெங் தல்சு கண் திறந்து சில நாளே ஆன நாய்க்குட்டியை வாங்கினார். ஒரே மகள் சியோல் நகருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் பேச்சே இல்லை.

"பல்லே முளைக்கல. எவனோ உங்க தலையில கட்டிட்டான்," என்றாள் மனைவி புன்றே.

"உன்னையும் அப்படித்தான் கட்டினாங்க. நல்லாத்தானே இருக்கே?"

அவள் சிரித்தபடி, கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டுப் புகட்டினாள்.

அடுப்பின் அனல் தரைக்கடியில் ஓடும் வீடு அது. அடுப்பை ஒட்டிய மூலைதான் மிகச் சூடானது; விருந்தாளிக்கும் வீட்டுத் தலைவருக்குமான இடம். தல்சு அதைக் குட்டிக்குக் கொடுத்து, தன் பஞ்சுப் போர்வையால் மூடினார்.

இரவில் குட்டியின் முனகல் கூடியது.

"குளிருதுங்க, பாவம்."

அவர் இன்னும் விறகு திணித்தார். முனகல் நின்றது.

"தூங்கிடுச்சு. சத்தம் போடாதீங்க," என்றாள் புன்றே.

காலையில் குட்டி வாய் உலர்ந்து துவண்டு கிடந்தது. பேருந்தேறிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

"தரைச்சூட்டுல வெந்திருக்குங்க. நகர்ந்து போகத் தெரியாத வயசு. தாய் இருந்திருந்தா கவ்வி இழுத்திருக்கும்."

திரும்பும் வழியில் அது இறந்தது. நிலம் உறைந்திருந்ததால் குழி தோண்ட முடியவில்லை. குட்டியை ஒரு பெட்டியில் கிடத்தி விறகுக் கொட்டகையில் வைத்தார்கள்.