தௌ என்றால் என்ன

ஜெயந்தினியும் ரமேஸும் ஹாலிஎலப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். சின்ன வயதிலிருந்தே நீ, வா, போ என்று பேசிப் பழகி, பிறகு விரும்பிக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். கல்யாணமான முதல் வாரமே மாமியார் தனலெட்சுமி மருமகளைத் தனியே கூப்பிட்டு, இது தேயிலைத் தோட்டத்து லயம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நாலு பேர் காதில் விழுகிற இடம், புருசனை நீங்க என்று சொல்லிப் பழகு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜெயந்தினியும் மறுக்கவில்லை. ஆனாலும் 'சாப்பிட வாங்க' என்று சொல்லும்போதெல்லாம் தோட்டத்தை நடத்தும் துரையைக் கூப்பிடுவதுபோல் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவள் ஆங்கில ஆசிரியை. ஒருநாள் வகுப்பில் பழைய பாட்டு ஒன்றில் 'தௌ' என்ற சொல் வந்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களும் நெருங்கியவர்களைத் தௌ என்றும் பெரியவர்களை யூ என்றும் அழைத்தார்கள். போகப்போக எல்லாரையும் யூ என்றே சொல்லப் பழகியதில் தௌ வழக்கொழிந்துபோனது என்று பிள்ளைகளுக்கு விளக்கினாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே அவளுக்கு ஒரு குறும்பு யோசனை வந்துவிட்டது.

பதுளையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரமேஸ் வீடு திரும்பியதும் அவனுக்கு அர்த்தத்தைச் சொல்லிவைத்தாள். அதன்பிறகு "தௌ, ரொட்டி ஆறுது", "தௌ, குடை" என்று வீடெல்லாம் தௌதான். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விடுவான்.

அது என்ன சொல் என்று தனலெட்சுமி கேட்டார். இங்கிலீசில் கடவுளைக் கும்பிடும்போது அப்படித்தான் அழைப்பார்கள் என்றாள் மருமகள். பொய்யில்லை, பழைய ஜெபங்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. ஆனால் தனலெட்சுமி குழாயடிக்குப் போய், தன் மருமகள் புருசனைச் சாமியைப்போலக் கூப்பிடுகிறாள் என்று பெருமையடித்ததைக் கேட்டதும் ஜெயந்தினிக்கு மனசு உறுத்தியது. அன்றைக்கே அடுப்படியில் முழுவதையும் சொல்லிவிட்டாள்.

"அதுக்கு நீன்னுதாங்க மாமி அர்த்தம்."

தனலெட்சுமி மா பிசைவதை நிறுத்தினார்.

"நானும் முருகன நீன்னுதானே கும்புடுறேன்," என்றார். "நீதாம்பா காப்பாத்தணும்னு சொல்லுவேன். வாங்க போங்கன்னு ஒருநாளும் சொன்னதில்ல. எம் மகன் என்ன, அவனவிடப் பெரிய ஆளா?"

தனலெட்சுமி மறுபடியும் மாவைப் பிசையத் தொடங்கினார்.

"வீட்டுக்குள்ள சொல்லிக்க. வெளியில வேணாம்."

சற்று நேரத்தில் ரமேஸ் மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்தான்.

"நீ போயி தலையத் தொவட்டிக்கிட்டு வா," என்றாள் ஜெயந்தினி.

அவன் திகைத்துப்போய்த் தாயைப் பார்த்தான். தனலெட்சுமி எதுவும் காதில் விழாதவர்போல் அடுத்த ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டார்.