கொக்கி மாட்டினாரா?

எதிர் வீட்டுத் தையல்காரி ஒரு லென்ஸ் வாங்கிய செய்தி அன்று மதியமே எனக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, எனக்குக் கண் இருக்கிறது.

டெலி கன்வெர்ட்டராம். டிஜிட்டல் கேமராவின் மூக்கில் திருகி மாட்டும் தடித்த கண்ணாடி. கேமராவின் ஜூம் முடிகிற இடத்திலிருந்து இது இன்னும் கொஞ்சம் இழுக்குமாம்.

"யாரைடி பாக்கப் போற?"

"என் வீட்டுக்காரரைத்தான்க்கா."

"தினம் பாக்கறது போதலையா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் கணவர் நாலு தெரு தள்ளி எழும்பும் கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதன் நீண்ட கையின் நுனிவரை நடந்துபோய் கிரீஸ் வைப்பதும் அவர்தான். பக்கத்து சைட்டில் ஒருவர் தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து இவளுக்கு நிம்மதி இல்லை. உயரத்தில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டைப் போடுறீங்களா என்று கேட்டால், "போடாம?" என்பார். அந்த ராகத்தைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. குளிச்சாச்சா என்று கேட்டாலும் மனுஷன் அதே ராகத்தில்தான் சொல்வார்.

மொட்டை மாடிக்குப் போனோம். நான் சும்மா துணைக்கு. திரையில் நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் கருப்பு. கிணற்றுக்குள்ளிருந்து வானம் பார்ப்பது போல.

"கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்" என்றேன்.

அவள் கடைக்கு போன் போட்டாள். ஜூமை முழுக்க இழுத்தால்தான் இது வேலை செய்யும் என்றார்களாம். இழுத்தாள். கருப்பு விலகி, மஞ்சள் கிரேன் கண்ணெதிரே வந்து குடிகாரன் மாதிரி ஆடியது. கைப்பிடிச் சுவரில் தலையணை வைத்து, கேமராவை அதில் அமுக்கி, விரல் பட்டாலும் ஆடுமென்று டைமர் வைத்தாள்.

அவர் கேபினை விட்டு வெளியே வந்தார். டிக். படத்தைத் திரையில் பெரிதாக்கினோம்.

"பெல்ட் இருக்குடி! தோள்ல, இடுப்புல, எல்லாம் ஜம்முனு இருக்கு. நீ வேற!"

"கொக்கி எங்கக்கா?"

கிரேன் கம்பியில் மாட்ட வேண்டிய பெல்ட் கொக்கி அவர் முதுகுக்குப் பின்னால் கயிற்றோடு வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"உடனே போன் போடுடி!"

"மேல நடக்கிற மனுஷனுக்கா? பேசாம இருங்கக்கா."

அவர் நுனிவரை போய், கிரீஸ் வைத்து, திரும்பி வந்து கேபினுக்குள் உட்காரும்வரை முகம் வெளிறி நின்றாள். நானே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கூப்பிட்டாள். "கொக்கிய ஏன் மாட்டல?"

"மாட்டாம?"

"பின்னால தொங்குது. எதுக்குங்க, அலங்காரத்துக்கா?"

கேபின் கண்ணாடிக்குள் அவர் தலை இடமும் வலமும் திரும்பியது. "யாரு சொன்னா, சூப்பர்வைசரா?" ராகமெல்லாம் இறங்கிவிட்டது.

"நான்தான் பாக்கறேன். இனி தினமும் பாப்பேன்."

"எங்கேருந்து?"

"சொல்ல மாட்டேன்."

மறுநாள் கேபினை விட்டு வெளியே வந்தவர் கொக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்டினார். பெண்டாட்டி எந்தத் திசையில் ஒளிந்திருக்கிறாளோ! கீழே நின்றவர்கள் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருப்பார்கள். பிறகு கம்பியில் மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

இவள் சிரித்த சிரிப்பில் தலையணையே நகர்ந்து, படம் வெறும் மஞ்சள் புகையாகப் பதிவானது. அதைத்தான் பிரிண்ட் போட்டுத் தையல் மெஷினுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். தெளிவான படம் எத்தனையோ இருக்க இது எதுக்குடி என்றால், மெஷினை மிதிக்கிறாள்.