ஒரு கேன் கெட்டி, ஒரு கேன் லேசு

1

இந்தக் கதை நான் எழுத நினைத்த கதையல்ல. மோட்டார் பத்திரிகை ஒன்று, ‘பழைய டீசல் காருக்கு எந்த எஞ்சின் ஆயில் நல்லது?’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டது. என்னிடம் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டேன். தெரியாத விஷயத்தை நம்பிக்கையோடு எழுதுவதுதான் எனக்குக் கைவந்த ஒரே தொழில்.

முதல் வாக்கியம் இப்படித் தொடங்கியது:

‘எஞ்சினுக்கு ஆயில் என்பது உடலுக்கு ரத்தம் போல...’

(போதும். இதை எனக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள்.)

இரண்டாவது:

‘தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டி ஆயிலே சிறந்தது என்று ஒரு சாராரும், லேசான ஆயிலே சிறந்தது என்று இன்னொரு சாராரும்...’

இங்கே பேனா நின்றுவிட்டது. அந்த இரண்டு சாராரையும் எனக்குத் தெரியும். கல்பாக்கம் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

2

சுப்புராமன், ஆபிரகாம். அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பிரிவு. சுப்புராமனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். ஆபிரகாமுக்குச் செங்கல்பட்டை ஒட்டிய கிராமம். தொண்ணூற்றெட்டில் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய டீசல் அம்பாசிடர் வாங்கினார்கள். கார் சரிபாதி. ஆனால் சுப்புராமன் அவரை ‘ஆபிரகாம்’ என்பார். ஆபிரகாம் இவரை ‘சார்’ என்பார்.

(இவர்களின் தோற்றத்தை வர்ணிக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் இருவருக்குமே ‘கூர்மையான கண்கள்’ வந்துவிட்டன. என் கதைகளில் யாருக்கும் மழுங்கிய கண்கள் கிடையாது.)

அடுத்த வருஷம் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஒரு கேன் வாங்க இருவரும் செங்கல்பட்டுக் கடைக்குப் போனார்கள்.

“பழைய எஞ்சின். உள்ளே தேய்ஞ்சிருக்கும். கெட்டியா இருக்கறதைக் குடுங்க” என்றார் சுப்புராமன்.

“இன்னா சார் நீங்க, கெட்டி ஆயிலு காலைல மேல ஏறவே நேரமாவும். அதுக்குள்ள தேஞ்சிகினே இருக்கும். லேசா கீறத வாங்கலாம் சார்” என்றார் ஆபிரகாம்.

பேச்சு வளர்ந்தது. கடைக்காரர் இரண்டு கேன்களையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுப்புராமனுக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை.

“எங்க வீட்ல அந்தக் காலத்துலயே கார் இருந்தது. உங்க அப்பா அடுத்தவன் வயல்ல சேறு மிதிச்சவரு. உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஆபிரகாம் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டார்.

(இந்த வசனத்தைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று யோசித்தேன். சுப்புராமனை வாசகருக்குப் பிடிக்க வேண்டுமே! பிறகு, கடையில் நின்ற ஆபிரகாமுக்கு யாரும் அதை மென்மையாக்கித் தரவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.)

3

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஆனால் இருவரிடமும் ஒரு சாவி இருந்தது. சனிக்கிழமை மாலை சுப்புராமன் கெட்டி ஆயில் ஒரு கேன் வாங்கி வந்து முழுவதையும் ஊற்றினார். ஞாயிறு காலை, இது தெரியாமல், ஆபிரகாம் லேசான ஆயில் ஒரு கேனை முழுவதும் ஊற்றினார்.

அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்க்க மாட்டார்களா? நாள் முழுக்க அளவுமானிகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்! இது கதையின் பலவீனம் என்று எனக்கே தோன்றியதால், ஆபிரகாமின் மனைவி ஜெபாவிடம் கேட்டேன்.

“கோவத்துல எவன்க்கா கம்பிய இழுத்துப் பாப்பான்?” என்றாள்.

பலவீனம் நீங்கியது.

4

அன்று மாமல்லபுரத்தில், அலுவலக நண்பர் வாசுதேவன் மகளின் கல்யாணம். மனைவிமார்கள் வற்புறுத்தியதால் நால்வரும் ஒரே காரில் கிளம்பினார்கள். சுப்புராமன் பட்டு வேட்டியில் ஓட்டினார். பக்கத்தில் ஆபிரகாம். பின்னால் ஜெபாவும் சுப்புராமனின் மனைவி சங்கரியும், முன்னால் இருந்த இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஊருக்குள் திரும்ப வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் குறையவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் அலறியது. எப்படியோ நியூட்ரலுக்குத் தள்ளி ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார், நிற்கவில்லை. பின்னால் நீலப் புகை சாலையை மறைத்தது. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய், டீசல் இல்லாமலேயே எரிந்துகொண்டிருந்தது.

“வெடிச்சிடும்! எறங்குங்க!” என்று கத்தினாள் சங்கரி.

பெண்கள் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடினார்கள். ஆபிரகாம் பானெட்டைத் திறந்து, காற்று போகும் குழாயைப் பிடுங்கினார்.

“யோவ் சுப்புராமா! காத்த அடைக்கணும். வேட்டிய அவுருயா!”

அவரை ஆபிரகாம் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் முறை. சுப்புராமன் வேட்டியை அவிழ்த்தார். இருவருமாகச் சுருட்டி, குழாய் இருந்த வாயில் வைத்து, நான்கு கைகளால் அழுத்தினார்கள். எஞ்சின் இருமியது, உலுக்கியது, செத்தது.

சங்கரி வந்து அளவுக் கம்பியை இழுத்தாள். மேல் கோட்டைத் தாண்டி, கம்பியில் பாதிக்கு ஆயில்.

“யாரு ஊத்துனது?”

“நான்தான்” என்றார்கள் இருவரும்.

பஸ்ஸில் போன சுற்றுலாக்காரர்கள், பட்டாப்பட்டியோடு நின்ற சுப்புராமனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அன்னிக்குக் கடைல நான் சொன்னது ரொம்பத் தப்பு, ஆபிரகாம். என்னை மன்னிச்சிடுங்க.”

ஆபிரகாம் டிக்கியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து நீட்டினார்.

“மொதல்ல இத்த கட்டு. ஜனங்கோ பாக்குது.”

5

இந்த இடத்தில் கதையை முடிப்பது என் கடமை. முடித்தும் பார்த்தேன்.

முதல் முடிவில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். பின்னணியில் அலைகூட ஒன்று வந்து மோதியது. இரண்டாவதில் ஆபிரகாம் காரில் தன் பாதியை விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மூன்றாவதில் அவர் ஒரு பக்கத்துக்குப் பேசினார். அசப்பில் என்னைப் போலவே பேசினார்.

மூன்றையும் ஜெபாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“நல்லாத்தான்க்கா கீது. ஆனா அந்தத் துண்டு குடுத்ததோட சரி. மன்னிச்சேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கூட வாழ்ற எனக்கே தெரியாதது உனக்கு எப்டித் தெரிஞ்சிது?”

எஞ்சின் பிழைத்துவிட்டது. இருவரும் இன்னமும் அதே காரில்தான் வேலைக்குப் போகிறார்கள். மழையைப் பற்றி, பதவி உயர்வைப் பற்றி எல்லாம் பேசுகிறார்கள். ‘சார்’ மட்டும் திரும்பி வரவில்லை. சுப்புராமன் கேட்ட மன்னிப்பு கேட்டபடியே இருக்கிறது.

கட்டுரைக்கான கெடு போன மாதமே முடிந்தது. ஆபிரகாமுக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாம் என்று இன்று காலையும் உட்கார்ந்தேன். ‘ஆபிரகாம் மெல்லத் திரும்பி...’ என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.