டெலாலியின் குப்பைமேடு

அந்தப் பருவத்தின் கடைசி முட்டை அது. பாம்புப் பண்ணையில் ஈரமணல் தொட்டிகளில் கிடந்த மற்ற முட்டைகளையெல்லாம் கிழித்துக்கொண்டு பந்தாகச் சுருளும் மலைப்பாம்புக் குட்டிகள் வெளியே வந்தாயிற்று. இது மட்டும் ஒரு பக்கம் சப்பையாகி, அழுகின எலுமிச்சை மாதிரிக் கிடந்தது.

"தூக்கிப் போடு டெலாலி. உள்ள ஒண்ணும் இருக்காது," என்றாள் கூட வேலை செய்யும் அப்லாவி.

டெலாலி சொன்ன பேச்சைக் கேட்கிற ரகம் இல்லை. பிளேடால் ஓட்டைக் கீறினாள். உள்ளே செருப்பு வார் கனத்தில் ஒரு குட்டி. மஞ்சள் கரு இன்னும் வயிற்றில் ஒட்டியிருந்தது. அது நாக்கை ஒரு தடவை நீட்டியது. அவ்வளவுதான், இவள் மாட்டிக்கொண்டாள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி போட்டு அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கரு மெல்ல உள்ளே போய் வயிறு மூடிக்கொண்டது. அடுக்போ என்று பெயர் வைத்தாள். அவர்களுடைய எவே மொழியில் குப்பைமேடு. பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். சாவு வாசலில் வந்து நின்று பெயரைக் கேட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

"ஏண்டி, இதுக்கு ஞானஸ்நானம் எப்போ? எனக்குப் புதுத் துணி எடுக்கணும்," என்று அப்லாவி கிண்டல் செய்தாள்.

டெலாலிக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது பிறந்த வாரமே போயிற்று. அடுத்ததுக்காவது அசிங்கமாக ஒரு பெயர் வை என்று தெருவே சொன்னது. கேட்டாளா? யாய்ரா என்று வைத்தாள். ஆசீர்வாதம் என்று பொருள். பல் முளைக்கும் முன்பே யாய்ராவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அந்த அழகான பெயர்தான் பிள்ளையைக் கொன்றது என்று டெலாலி நம்பினாள். கொன்றது கொசு. ஆனால் அழுகிறவளிடம் போய் அதை யார் சொல்வது?

அவள் புருஷன் எலோம் பண்ணைக்குப் பாம்பு பிடித்துத் தருகிறவன். மழைக்கு முன்னால் காய்ந்த வயல்களில் எலி வளைகளைத் தோண்டி, தோள் வரைக்கும் கையை விட்டு, சினைப்பாம்புகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவான். வளைக்குள் விஷப்பாம்பு இருக்குமோ என்று யோசிக்கக்கூட மாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கு இன்னொரு பிள்ளை என்ற பேச்சை எடுத்தால் மட்டும் முகம் செத்துவிடும்.

"இன்னொண்ணு பெத்துக்கலாம் எலோம்."

"வேணாம்."

"எனக்கு வேணும்."

"ரெண்டு குழி வெட்டினவன் நான்."

"வெட்டினது நீ. சுமந்தது யாரு?"

எலோம் அலமாரி மேல் இருந்த டப்பாவைக் கையால் காட்டினான். "முதல்ல அதைத் தின்ன வை. அது பொழைச்சா பாக்கலாம்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். அவள் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுக்போ சட்டை உரித்தது. சட்டை உரித்தால் பசி வர வேண்டும். பண்ணைக் குட்டிகள் எல்லாம் எலிக்குஞ்சுகளை அமுக்கி விழுங்கிக்கொண்டிருக்க, இந்த மகாராசா மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டது. கண் திறக்காத குஞ்சாகப் பொறுக்கிக் கொடுத்தாள். வெந்நீரில் நனைத்துச் சூடாகக் கொடுத்தாள். கூச்சப்படுகிறதோ என்று டப்பாவைத் துணியால் மூடிவிட்டு வெளியே போய் நின்றாள். கடைசியில் வாயைத் திறந்து ஒரு துண்டு இறைச்சியைத் தள்ளிப் பார்த்தாள். அதைக் கக்கிவிட்டு முன்னைவிட மெலிந்துபோய்க் கிடந்தது.

எலோம் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். அப்புறம் போய் வயல் எலியின் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான், அந்த வாசனைக்காவது வாயைத் திறக்காதா என்று. ஒரு நாள் அவள் கிணற்றடியிலிருந்து வந்தபோது அவன் டப்பாவுக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். "தின்னுத் தொலைடா, நாறப்பயலே. உன்னால எனக்கு வீட்டுல மானம் போவுது." அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாய்ரா போன பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அனெஹோ ஊரில் டெலாலியின் சித்தி இறந்துபோனாள். டெலாலி போகாமல் முடியாது. ஆயிரம் புத்திமதி சொல்லி டப்பாவை எலோமிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். சடங்கெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது அவன் குளித்து, துவைத்த சட்டை போட்டு அடுப்படியில் நின்றான். மக்காச்சோளக் களி கிளறி, கீரைக் குழம்பும் வைத்திருந்தான். கல்யாணமான நாளாக அவன் கரண்டி பிடித்தது கிடையாது.

"தின்னுட்டான்," என்றான்.

"நிசமாவா?"

"வந்து பாரு. முழுசா முழுங்கிட்டான். சொன்ன சொல் சொன்னதுதான் டெலாலி. பெத்துக்கலாம்."

பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் மூடியைத் திறந்தாள். நடு வயிறு புடைத்து, மினுமினுப்பாக ஒரு குட்டி சுருண்டிருந்தது. நல்ல குட்டி. அது அடுக்போ இல்லை.

மற்றவர்களுக்கு எல்லாக் குட்டியும் ஒன்றுதான். அவளுக்கு ஒரு பார்வை போதும். என்னை என்ன மடச்சி என்று நினைத்துக்கொண்டானா என்று கோபம் குப்பென்று ஏறியது. திட்டுவதற்காகத் திரும்பியவள் அவன் விரல்களைப் பார்த்தாள். குளித்தும் போகாத செம்மண் நகத்துக்குள் இருந்தது. வளை தோண்டும் காலம் எப்போதோ முடிந்திருந்தது.

"எப்போ செத்துச்சு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "நீ போன அன்னிக்குச் சாயங்காலம். கையிலதான் வெச்சிருந்தேன்."

"அப்ப இது?"

"பண்ணையில கேட்டு வாங்கினேன். உன் கண்ணுக்குத் தப்பாதுன்னு தெரியும். தெரிஞ்சாலும் நீ சும்மா இருந்துருவன்னு நெனைச்சேன்."

"எதுக்கு எலோம்?"

"எனக்கும் வேணும், அதுக்குத்தான். இத்தன நாளா வேணாம் வேணாம்னு கத்திட்டு, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அது ஒரு வாய் தின்னா நான் தோத்துப்போயிடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். பாவி, செத்துப்போச்சு."

அவள் டப்பாவின் மூடியைப் பொருத்தினாள். இரண்டாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது.

"எங்க வெச்ச?"

"நம்ம பிள்ளைங்க பக்கத்துல."

எலோமின் குலத்தில் செத்த பாம்பை வெள்ளைத் துணி சுற்றாமல் மண்ணில் இடமாட்டார்கள். "துணி சுத்தினியா?" என்று கேட்டாள்.

"சுத்தாம இருப்பேனா? உன் பெட்டியில, அடியில, வெள்ளைத் துணி ஒண்ணு மடிச்சு இருந்துச்சு. அதத்தான் எடுத்தேன்."

டெலாலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குத் தெரியாமல் ட்செவியே சந்தையில் வாங்கிய துணி. அடுத்த பிள்ளையின் பிஞ்சு உடம்பில் உறுத்தக் கூடாதென்று பல தடவை துவைத்து, ஓரம் முழுக்கக் கையாலேயே மடித்துத் தைத்திருந்தாள். பார்த்தால் அவன் கத்துவான் என்றுதான் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

"நல்ல துணிதான். மெத்துன்னு இருக்கும்," என்றாள்.

எலோமுக்கு முதலில் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோதும் அழாதவன் அடுப்படியில் குந்தி வாய்விட்டு அழுதான். டெலாலி நகர்ந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.